பெரிய கோயிலுக்கு வருபவர்களிடம் என்ன சொல்கிறோம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எங்கள் வீட்டில் எனக்குத்தான். உள்ளே நுழைந்ததும் நாலாபக்கமும் காதில் விழும் செய்திகள் மாறுவதே இல்லை. கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி யானைகளை வைத்து ஏற்றினார்கள். நந்தி வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்து நிறுத்தினார்கள்.

நிழல் விழுகிறது. மாலை வேளையில் கிழக்குப் பக்கம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் உட்கார்ந்திருப்பது அந்த நிழலில்தான். உச்சியில் உள்ள சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களைப் பொருத்தி அமைத்தது என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நந்தி நாயக்கர் காலத்தது.

இவற்றைச் சொல்பவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. என் வருத்தம் வேறு. விமானத்தின் அடிப்பகுதி முழுவதும் எழுத்து. இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, வரி வரியாக, தமிழில். ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள் அரண்மனையில் அமர்ந்து, ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டச் சொன்ன ஆணை அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசனின் வாய்ச்சொல்! அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நிழல் கதையைக் கேட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள்.

வழிகாட்டிகள், ஆசிரியர்கள், கல்வெட்டு படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதல் முறை வருபவரிடம் எதிலிருந்து தொடங்கலாம்?

நந்திமண்டபம் எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயம்தான். நான் அந்தக் கோயிலில் வழிகாட்டியாகத் தொழில் செய்கிறவன். எங்கள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள்.

வேனில் வரும் குழு எனக்குத் தருவது அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் முக்கால் மணி. அதற்குள் தரிசன வரிசை, நந்தி முன்னால் புகைப்படம், பிறகு தாராசுரத்துக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ ஓட்டம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கிறது. வெறுங்காலோடு நிற்பவரைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போய் ‘இந்த வரியைப் பாருங்கள்’ என்று சொன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார். அதனால் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கேதான் எங்கள் பேச்சு. காலையில் வந்தால் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம், நடுப்பகலில் வாயில்களுக்குள்ளும் திருச்சுற்று மாளிகையிலும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, கால் சுட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று. நிழல் கதையை நான் சொல்லாவிட்டால் வந்தவரே கேட்கிறார். ‘விழும்’ என்று சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார். பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுவிட்டு வந்தவரிடம் அரை மணி நேரத்தில் என்ன வாதாட முடியும்?

நான் விரும்பிச் சொல்லும் இடம் துவாரபாலகர். அவர் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது? அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிறது என்றால் நிற்பவர் எவ்வளவு பெரியவர்? அவரே வாயில்காவலர்தான் என்றால் உள்ளே இருப்பவர்? இதைக் கேள்வியாகவே கேட்பேன். குழந்தைகள்தான் முதலில் பதில் சொல்வார்கள். அந்த இடத்தில் யாரும் கைபேசியைப் பார்த்து நான் கண்டதில்லை.

உச்சிப்பொழுது எழுதியது:

நிழல் கதையை வெறுமனே மறுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

விமானத்தின் அடி ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், உயரம் 60 மீட்டருக்கு மேல். மேலே போகப் போகக் குறுகும் வடிவம். சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும்போது சிகரத்தின் நிழல் கட்டடத்தின் மீதே விழுந்து அடங்கிவிடும். தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் அங்கே நிழலில்லா நாள் வரும். அந்த இரண்டு நாள் மட்டுமல்ல, மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் சிகரத்தின் நிழலைத் தரையில் தேடினால் கிடைப்பது கடினம். டிசம்பரில் அதே நண்பகலில் வடக்குப் பக்கம் தரையில் நீண்டு கிடக்கும். காலையும் மாலையும் எல்லா நாளும் விழும்.

ஆகவே ‘பொய்’ என்று சொல்லி வந்தவர் முகத்தை வாடச் செய்ய வேண்டியதில்லை. ‘நண்பகலில் பார்த்தவர் சொன்னது ஊரெல்லாம் பரவியிருக்கும், இப்போது மணி என்ன, நிழல் எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள்’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் மறக்கவும் மாட்டார்.

மைப்படி எழுதியது:

கல்வெட்டுகளைப் படியெடுக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஈரத் தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்போம். தாள் காய்ந்து சுவரிலிருந்து பிரியும்போது, வெளிச்சம் சரியில்லாமல் கண்ணுக்குத் தப்பிய எழுத்தெல்லாம் கறுப்பில் வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். சுவரில் இருப்பதெல்லாம் வருபவருக்கு வேண்டாம், மூன்று போதும்.

ஒன்று, கலசம். 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் ராஜராஜன் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தார். ஆங்கிலக் கணக்கில் 1010. குடத்தின் எடை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. பலமும் கழஞ்சும் அக்கால எடையளவுகள். அந்த அரைக் கழஞ்சை யாரும் விட்டுவிடவில்லை பாருங்கள். ‘80 டன்’ என்பதைவிட இந்த அரைக் கழஞ்சு பெரிய செய்தி என்று எனக்குப் படுகிறது. ஒரு பேரரசு எப்படிக் கணக்கு வைத்தது என்பதை அது சொல்கிறது. எடைக்கல்லுக்கும் முகத்தலளவைக்கும் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, விளக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். பசுவானால் 48, எருமையானால் 16. ஆடு வாங்கிய இடையரின் பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன. இன்று அதே ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒருவர் தன் ஊரின் பெயரை அங்கே கேட்டால் எப்படி இருக்கும்!

மூன்று, வேலை செய்தவர்கள். நட்டுவர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பேர், அவர்களோடு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவர். அந்த வரிசையில்தான் தச்சாசாரியம் செய்த வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் வருகிறார். அவருக்கு ஊதியமாக ஒரு பங்கு. அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்த தச்சர்.

கட்டியது யார் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் கரிகால் சோழன் பெயரைச் சொன்னது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் இந்தச் சுவரைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியாயிற்று. கதை மறந்ததைக் கல் காப்பாற்றி வைத்திருந்தது.

கீழவாசல் எழுதியது:

எல்லோரும் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அது காட்சிச்சாலை இல்லை. உள்ளே சிவன் இருக்கிறார், நாள்தோறும் பூஜை நடக்கிறது. பிரதோஷத்தன்று வந்து பாருங்கள், நந்தி அபிஷேகத்துக்கு நிற்கும் கூட்டத்தில் ஊசி விழ இடமிருக்காது. அவர்களில் பலர் பாட்டன் காலத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. கர்ப்பகிருகத்துக்கு எதிரே நின்றுகொண்டு பெரிய குரலில் கழஞ்சுக் கணக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நந்தி வளர்ந்த கதையையும் ஏன் துரத்துகிறீர்கள்? அது எங்கள் பாட்டி சொன்ன கதை. ஆராய்ச்சி செய்தவர் சொல்வது மட்டும்தான் செய்தியா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கீழவாசல் ஐயா, பூஜை நேரத்தில் உள்ளே பேசக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. வெளிச் சுவரும் திருச்சுற்றும் போதும் எங்களுக்கு.

பாட்டி கதையை யாரும் துரத்தவில்லை. அதைப் பாட்டி கதையாகவே சொல்லுங்கள் என்கிறேன். 2008-இல், நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸ், பண்பாட்டு மரபிடங்களை மக்களுக்கு விளக்குவது பற்றி ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஆய்வில் கிடைத்த சான்றும் வேண்டும், அந்த இடத்தோடு வாழும் மக்களின் வாய்மொழியும் வேண்டும் என்பதே அதன் நிலை. ‘இந்த ஊர் மக்கள் நந்தியைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்வார்கள். சிலையைச் செய்தது நாயக்கர் காலத்தில்’ என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. நாயக்கர் பெயரைச் சொல்வதிலும் எனக்கு அக்கறை உண்டு. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது, முருகன் சன்னதி நாயக்கர் காலத்தது. திருச்சுற்றுச் சுவரில் 1803-இல் சரபோஜி வெட்டுவித்த மராட்டிக் கல்வெட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் ‘சோழர் கட்டியது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் பிற்பாடு அந்தக் கோயிலைக் காத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது.

எட்டாம்வகுப்பு எழுதியது:

அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளோடு நான் செய்வதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம்.

சுவருக்கு முன்னால் நிறுத்தி, ‘தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள், ஆனால் தொடக் கூடாது’ என்பேன். முதலில் ‘டீச்சர், இது தமிழே இல்லை’ என்பார்கள். பிறகு ஒருவன் ‘ப’ என்பான், இன்னொருத்தி ‘ட’ என்பாள், ‘ய’ கிடைக்கும். புள்ளியே இல்லையே என்று அவர்களாகவே கேட்பார்கள். புள்ளி இல்லாமல் எப்படிப் படித்தார்கள் என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டையை நான் நிறுத்துவதில்லை. தங்கள் மொழியின் எழுத்து மாறி வந்திருக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, சுவரில் தன் கண்ணால் ஒரு ‘ட’வைப் பிடிப்பது வேறு.

ஏன் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான கைகளின் வியர்வையும் எண்ணெயும் பட்டால் எழுத்து மழுங்கும். ஏற்கெனவே சில இடங்களில் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வரும் கோபம் உண்மையானது.

பலகைகள் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மரபிடங்களில் நாம் வைத்திருக்கும் பலகை ஆட்சியாண்டு, கட்டடக்கலைச் சொற்கள், அளவுகள் இவற்றால் நிரம்பியிருக்கிறது. ‘அதிஷ்டானம்’, ‘உபபீடம்’ என்று இருக்கும், அது எது என்று காட்ட ஒரு கோட்டுப்படம் இருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்து விளங்கிக்கொள்ள முடியாத பலகை யாருக்காக?

நட்டுவாங்கம் எழுதியது:

மைப்படி ஐயா பட்டியலில் நட்டுவரைச் சொன்னார், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகளைச் சொல்லவில்லை. நான் பரதம் கற்பிப்பவள், ஆகவே விட முடியாது.

நானூறு பெண்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்க வரிசை), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதும் உண்டு. தலைமைத் தச்சருக்கு ஒரு பங்கு, ஆடிய பெண்ணுக்கும் ஒரு பங்கு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனால் வழிகாட்டிகள் சிலர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஒரு சிரிப்போடு கடந்துபோவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு உடம்பு எரியும். அவர்கள் கலை தெரிந்தவர்கள், வீடும் வருவாயும் பெற்றவர்கள். அதே நேரத்தில், அவர்களைப் பல ஊர்களிலிருந்து இங்கே கொண்டுவந்தது அரசனின் ஆணை. விருப்பப்பட்டு வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் சொன்னாலும் தப்பு, சிரித்துக் கடந்தாலும் தப்பு.

விமானத்தின் மேல்தளத்துச் சுற்றில் சிவபெருமானே கரணம் என்னும் ஆடல் நிலைகளை ஆடும் சிற்பங்கள் இருக்கின்றன. 108-இல் 81 முடிந்திருக்கிறது, மற்ற 27-க்கும் கல் காத்திருக்கிறது. பொதுமக்கள் அங்கே போக முடியாது. போகவும் வேண்டாம், அந்தக் குறுகிய சுற்று தாங்காது. கீழ்ச்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களும் அப்படித்தான். 1931-இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும் வரை நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்தவை. அவற்றின் படங்கள் கோயில் வளாகத்திலேயே உள்ள விளக்கக் கூடத்தில் இருக்கின்றன. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலாயம் போகும் காட்சியை அங்கே பொறுமையாக நின்று பார்க்கலாம். பெரும்பாலோர் அந்தக் கூடத்துக்குள் நுழைவதே இல்லை.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். சோழர் பெருமை கேட்டு வளர்ந்தவன் நான். பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயிலான வானவன்மாதேவி ஈச்சரத்தின் முன் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரிய கோயிலுக்கு வந்தபோது எங்கள் குழுவுக்கு வாய்த்த வழிகாட்டி ‘கடல் கடந்து வென்றார்’ என்று மட்டும் கதைத்தார், அடுத்த வசனம் நிழல்.

ஈழமண்டலத்தின், அதாவது இலங்கையின், ஊர்கள் பெரிய கோயிலுக்கு வருவாய் தரும்படி எழுதப்பட்டுள்ளன என்று பின்னர்தான் படித்தேன். மாப்பிசும்பு கொட்டியாரம் என்ற பெயர் அதில் வருகிறது. எங்கள் தீவின் உழவன் விளைவித்தது தஞ்சாவூருக்குப் போயிருக்கிறது. இதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எங்களோடு வந்த சிங்கள நண்பருக்கும் உண்டு. திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த நண்பர் எவ்வளவு ஆர்வத்தோடு கேட்டிருப்பார்! வென்றவர் கதையை மட்டும் சொல்லும்போது கேட்பவர்களில் பாதிப்பேர் வெளியே நிற்கிறார்கள்.

கீழவாசல் எழுதியது:

தம்பி, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்து, கொள்ளை, திறை என்று சொல்லிப் பிள்ளைகள் மனதில் ராஜராஜன் மீது கசப்பை வளர்க்க வேண்டுமா? நமக்குப் பெருமைப்பட இருப்பதே கொஞ்சம்.

மைப்படி எழுதியது:

கீழவாசல் அவர்களே, மறைக்க நினைப்பவர்கள் நாம்தான். ராஜராஜன் மறைக்கவில்லை. சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து இன்னின்ன கொடுத்தேன் என்று அவரே வெட்டச் சொல்லியிருக்கிறார். சாளுக்கிய சத்யாச்ரயனை வென்று வந்து பொற்பூக்களை இறைவன் திருவடியில் இட்டதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. நுழையும் முதல் கோபுர வாயிலின் பெயரே கேரளாந்தகன், கேரளருக்கு எமன் என்று பொருள். அந்தப் பெயருக்குக் கீழே நின்று நாள்தோறும் கேரளத்திலிருந்து வந்த பக்தர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் பெயரின் காரணத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. நேராகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அரசன் தன் செல்வத்தின் வழியை ஒளிக்காமல் எழுதினான், பெருந்தச்சன் பெயரையும் ஆடு மேய்த்தவன் பெயரையும் அதே சுவரில் எழுதினான். என் பெருமை இரண்டாவதில் இருக்கிறது. முதலாவதை மறைத்தால் இரண்டாவதை யார் நம்புவார்கள்?

நந்திமண்டபம் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். வாதத்துக்கு நிற்கவில்லை, வேலையாகப் பேசுகிறேன்.

நேரம் முக்கால் மணிதான், அது நீளாது. அதற்குள் இப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன். கேரளாந்தகன் வாயிலின் நிழலில் பெயர்க் காரணம், ஈழத்து ஊர்கள். அடுத்து துவாரபாலகர், அதை நான் விட மாட்டேன். விமானத்தைச் சுற்றும்போது வெயில் படாத பக்கம் பார்த்து ஓர் இடத்தில் மட்டும் சுவர். அங்கே குஞ்சரமல்லன், இடையர், நானூறு பெண்கள். நிழல் பற்றிக் கேட்டால் உச்சிப்பொழுது சொன்னபடி கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நந்தி கதையை நந்தி முன்னால், பாட்டி கதையாக. தரிசனத்துக்குப் போகிறவர்கள் போகட்டும், மற்றவர்களை விளக்கக் கூடத்துக்கு அனுப்புகிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்தில் நின்று பேசும் மற்ற வழிகாட்டிகளுக்கும் இந்த வரிகள் வேண்டும். புத்தகத்தில் தேடிப் படிக்க எங்களுக்கு நேரம் கிடையாது. மைப்படி ஐயா, பெருந்தச்சன் வரியையும் ஓர் இடையர் வரியையும் ஒரே தாளில் தர முடியுமா? மேலே கல்லில் உள்ளபடி எழுத்து, கீழே இன்றைய எழுத்து, அதற்கும் கீழே பொருள். பின்பக்கம் தளிச்சேரி வரி ஒன்று. கையில் பிடித்துக் காட்டும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மைப்படி எழுதியது:

தருகிறேன். படி எடுத்த பிரதிகளிலிருந்தே வரைந்து தருகிறேன், சுவரில் இருக்கும் வடிவம் அப்படியே இருக்கும். எந்தப் பக்கச் சுவர், எத்தனையாவது வரி என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியை அவர்கள் ஒரு முறை பார்த்துப் பிள்ளைகளுக்கு விளங்காத சொல்லைக் குறித்துக் கொடுத்தால் நல்லது.

எட்டாம்வகுப்பு எழுதியது:

அனுப்புங்கள் ஐயா. நான் பார்ப்பதைவிட எங்கள் வகுப்பிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன், எங்கே தடுக்குகிறதோ அங்கே அவர்களே கோடு போடட்டும். கழஞ்சு, உழக்கு, கலம் மூன்றுக்கும் இன்றைய அளவு ஓரத்தில் இருக்க வேண்டும்.

வடமராட்சி எழுதியது:

இரண்டாவது தாள் ஒன்று போடுவதானால் ஈழமண்டலத்து ஊர்களின் வரியைச் சேருங்கள், ஐயா. சிங்களத்தில் பொருள் எழுதித் தர என் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.